நடந்தால் பேச்சில்லை

மார்ச் 4

அன்பு வாலுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே நான் ராஜா மாதிரி இருக்கிறேன். அங்கே நீயும் ராணி மாதிரி இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் இந்த இடத்திலேயே கடிதத்தை நிறுத்திவிட்டு உடனே எனக்குப் பதில் போடு.

உன் கார்டு வந்தது. போன மழைக்காலத்துக்கு அப்புறம் உன்னிடமிருந்து ஒரு எழுத்து இல்லை. வந்ததும் நாலே வரி. ஆனால் அந்த நாலு வரிக்குள் ஒரு கல்யாணத்தையே அடைத்துவிட்டாய், கெட்டிக்காரி. ஜூன் பன்னிரண்டு, பதிவு அலுவலகம், ஆடம்பரம் ஒன்றும் கிடையாது, கையெழுத்து மட்டும். உன் அம்மா இருந்திருந்தால் அவள் போட வேண்டிய சாட்சிக் கையெழுத்தை, "நீங்கள் வந்து போடுங்கள் மாமா" என்று எழுதியிருக்கிறாய். அதை நான் வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்த வீட்டுக்காரம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்து, "யார் வந்திருக்காங்க?" என்று கேட்டார். "என் அக்கா மகள்" என்றேன். "எங்க?" என்றார். கார்டைத் தூக்கிக் காட்டினேன்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் பேசினால் உனக்குக் கேட்பதே இல்லை. "என்ன மாமா, சத்தமா பேசுங்க மாமா" என்றே நேரம் போய்விடுகிறது. உன் போனை மாற்று. என் தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

வருவதில்தான் ஒரு சின்னச் சிக்கல். கேள்.

இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் மூளையை ஆராய்ச்சி பண்ணுகிறார்கள். எனக்குக் கை கொஞ்சம் ஆடுகிறது, பார்க்கின்சன் என்று ஏதோ பெரிய பேராகச் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். அது கிடக்கட்டும். விஷயம் என்னவென்றால், அந்த மாத்திரை வாங்கப் போன இடத்தில் என் தலையைப் பார்த்ததுமே டாக்டர் அசந்துவிட்டார். "இப்படி ஒரு தலையைத்தான் தேடிட்டிருந்தோம்" என்றார். என்னை விடவே இல்லை.

கறுப்பாக ஒரு தொப்பி, நீச்சல்காரர்கள் போடுவது மாதிரி. அதில் சுற்றிலும் ஒயர். அதற்குள்ளிருந்து நெற்றிக்குள்ளே வெளிச்சம் விட்டு, மூளையில் எந்த இடத்தில் ரத்தம் ஓடி வேலை நடக்கிறது என்று பார்ப்பார்கள். வலிக்காது. தொப்பியை மாட்டிவிட்டு, ஒரு நீள வராந்தாவில் "சும்மா நடங்க ஐயா" என்றார்கள். நான் முன்னால் நடக்க, தொப்பியை மாட்டிவிட்ட பெண் கம்ப்யூட்டரைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அமைச்சருக்குக்கூட இப்படி ஒரு மரியாதை கிடைக்காது.

அப்புறம்தான் கூத்து. ஒப்பிட்டுப் பார்க்க, வியாதி இல்லாத நாலைந்து கிழவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர்கள் நடக்கும்போது மூளையின் முன்பக்கம் கும்மிருட்டு. தூங்குகிறது! நான் நடந்தேன் பார், சிவப்பும் மஞ்சளுமாகப் பொருட்காட்சி வாசல் மாதிரி எரிந்தது. அந்தப் பெண் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். டாக்டர் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். வாயிற்காவலாளி மட்டும்தான் பாக்கி.

அந்தத் தொப்பியை ஜூனில் திரும்ப மாட்டப் போகிறார்கள். எந்தத் தேதி என்று இப்போதே சொல்ல முடியாதாம். அந்த நேரம் பார்த்து என் தலை ஊரில் இல்லை என்றால் ஆராய்ச்சியே நின்று போகும். நீயே சொல், நான் என்ன செய்ய?

அதனால் கையெழுத்துக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள். ஆசீர்வாதத்தை இப்போதே அனுப்பிவிட்டேன், கடிதத்தின் மடிப்பில் இருக்கிறது, உதறிவிடாதே.

இப்படிக்கு,
இந்த ஊர் ரோட்டுக்கெல்லாம் கோடு போட்ட
உன் மாமன்


மார்ச் 15

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறேன். ராணி மாதிரி இல்லை, பல்செட் செய்கிற கூடத்தில் கடைவாய்ப்பல் செதுக்குகிறவள் மாதிரி இருக்கிறேன். இந்த வாரம் ஒருவர் தன் பல்செட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு பேசினால் விசில் வருகிறதாம். எங்கள் மேஸ்திரி, "வீட்டுல நாய் இருந்தா வசதிதானே" என்கிறார்.

மாமா, ஆராய்ச்சி ஒரே ஒரு நாள் உங்களை விடாதா? ரயிலில் காலையில் ஏறினால் மத்தியானம் இங்கே. கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் திரும்பிவிடலாம். இதைக் கேட்பதற்கு எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

எழுதக் கூடாது என்றுதான் இவ்வளவு நாள் இருந்தேன். எழுதிவிடுகிறேன். போன தடவை நான் அங்கே வந்தது நான் கட்டிக்கொள்ளப் போகிறவருடைய போட்டோவை உங்களிடம் காட்டத்தான். லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிறவர் என்றதும், "அப்ப வாழ்க்கையில ஏத்தமும் இறக்கமும் பார்த்தவர்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாள் காலை டாக்ஸி வந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். நீங்கள் வாசல் வரை வந்தீர்கள். அதற்கு மேல் ஒரு அடி வரவில்லை. "வரேன் மாமா" என்றேன். பதில் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். வண்டியில் ஏறி, கண்ணாடியை இறக்கி, மறுபடியும் சொன்னேன். நீங்கள் தலையை நிமிர்த்தவே இல்லை.

பள்ளிக்கூட பஸ் ஏற்றிவிடவே தெருமுனை வரை கூட வந்து, பஸ் திரும்பி மறையும் வரை கையை ஆட்டிக்கொண்டு நிற்பவர் நீங்கள். மற்ற பிள்ளைகள் "உங்க மாமா என்ன, விமானமா இறக்குறார்?" என்று கேலி செய்வார்கள்.

அவரைப் பிடிக்கவில்லை என்றால் வாயால் சொல்லியிருக்கலாமே மாமா. நீங்கள் என்ன வாய் இல்லாதவரா?

இன்னொன்று. உங்கள் எழுத்து முதல் வரியில் பெரிதாகத் தொடங்கி, போகப் போக எறும்பு மாதிரி ஆகிவிடுகிறது. லென்ஸ் வைத்துத்தான் படித்தேன். கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள்.

அன்புடன்,
வாலு


மார்ச் 27

அன்பு வாலுக்கு,

உன் கடிதம் வந்தது, படித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பிறகு கோபப்பட்டேன். இந்த வரிசையில்தான் நடந்தது.

எழுத்து சின்னதாக இருக்கிறதாம். அடியே, பெரிய பெரிய எழுத்தாக எழுதுவது ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. படித்தவர்கள் எழுத்து பொடியாகத்தான் இருக்கும். டாக்டர் சீட்டைப் பார்த்ததில்லையா? நான் ஆறாம் வகுப்போடு நின்றாலும் எழுத்து மட்டும் மேலே படித்துக்கொண்டு போகிறது.

மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று யார் சொன்னது? லிஃப்ட் வேலை சாதாரணமா? நூறு பேரைத் தூக்கி மேலே கொண்டுபோகிற மனிதன். நான் கிடைமட்டமாகக் கோடு போட்டவன், அவர் செங்குத்தாகக் கோடு போடுகிறவர். ஒரே தொழில்தான். அவரிடம் அப்படியே சொல்.

அன்றைக்கு வாசலில் நின்றதற்குக் காரணம் கேட்டால் நீயே சிரிப்பாய். வாசற்படியில் எறும்பு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. சின்னது பெரியது என்று குடும்பம் குடும்பமாக. நான் காலை வைத்திருந்தால் ஒரு ஊரே அழிந்திருக்கும். பேசாததற்குக் காரணம், வாயில் மாத்திரை இருந்தது. கசப்பு மாத்திரை. இவ்வளவுதான் விஷயம். இதைப் போய் மாதக்கணக்கில் மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய்.

ஆராய்ச்சி பிரமாதமாகப் போகிறது. அந்த மூளைப் படத்தை எனக்கு ஒன்று பிரிண்ட் போட்டுக் கொடு என்று கேட்டு வாங்கிவிட்டேன். பிரேம் கடைக்காரன் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "இது எந்த ஊர் மேப்பு?" என்றான். "என் தலை" என்றேன். "அப்ப இந்த செவப்பு?" "அதுதான் மெயின் ரோடு." பயபக்தியோடு கண்ணாடி போட்டுக் கொடுத்தான். கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன்.

இந்தத் தடவை வேறு ஒரு சோதனை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே நடக்க வேண்டுமாம். "எனக்குக் கழிச்சுப் பழக்கம் இல்லம்மா, எதையும் கூட்டித்தான் பழக்கம். வேணும்னா ஒரு கதை சொல்லிட்டே நடக்கிறேன்" என்றேன். சரி என்றாள். மேயர் வீட்டு வாசலில் நான் மேயரை நிறுத்தி வைத்துக் கோடு போட்ட கதையை எடுத்துவிட்டேன். அருமையாக வந்தது. பாதிக் கதையில் கவனித்தால், நான் வராந்தா நடுவில் நின்றுகொண்டிருக்கிறேன். எப்போது நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள், "ஐயா, ஒண்ணு கதை சொல்லுங்க, இல்லன்னா நடங்க." எப்படி இருக்கிறது பார்! என் காலே நின்று கேட்கிற அளவுக்குக் கதை.

சாயங்காலமானால் மார்க்கெட் முனைக்குப் போகிறேன். வீட்டுக்காரம்மா பையன் பைக்கில் அந்தப் பக்கம் கடைக்குப் போகும்போது இறக்கிவிடுவான், திரும்பும்போது ஏற்றிக்கொள்வான். அங்கே இருக்கிற ஜனங்கள் கடக்கும் கோடு நான் கடைசியாகப் போட்டது. சூடு பண்ணின வெள்ளைப் பெயிண்டை வண்டியில் ஊற்றி, நூல் பிடிக்காமல், கண்ணளவிலேயே இழுத்தது. மேலே கண்ணாடித் தூள் தூவியது நானே என் கையால். இன்னும் அப்படியே மின்னுகிறது. அதன்மேல் நடந்தால் நான் குதிரை. ஒரு வெள்ளை, அடுத்த வெள்ளை, அடுத்த வெள்ளை என்று தாவித் தாவிப் போகிறேன். எதிர்ப்பக்கம் போனதும் நடைபாதை மேடு வரும். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லாததால் திரும்பி இந்தப் பக்கம் வந்துவிடுவேன். இங்கேயும் வேலை இல்லை. மறுபடி அந்தப் பக்கம்.

போக்குவரத்துப் போலீஸ்காரர் கொஞ்ச நாள் பார்த்தார். நேற்று வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டு, "பெரியவரே, நீங்க எந்தப் பக்கம் போகணும்? சொன்னா நானே கொண்டு விடுறேன்" என்றார். "எந்தப் பக்கமும் இல்ல தம்பி, நான் போட்ட கோடு, தேய்மானம் பார்க்கிறேன்" என்றேன். சல்யூட் அடித்தார். அடித்த மாதிரிதான் இருந்தது.

ஜூனைப் பற்றி நான் முன்பே எழுதிவிட்டேன். தலை இங்கே தேவைப்படுகிறது. மற்றபடி சுகம்.

இப்படிக்கு,
எறும்புக்கும் இரங்கும்
உன் மாமன்


ஏப்ரல் 8

மாமாவுக்கு,

எறும்பா மாமா?

நான் எழுதியதைப் படித்துவிட்டு உங்களுக்கு எழுதத் தோன்றியது எறும்பு. அம்மா சாகும்போதுகூட, "உன் மாமா பேச்சை அப்படியே நம்பாதே, ஆனா ஆளை நம்பு" என்றாள். நான் இரண்டையும் நம்பினேன்.

ரோட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடப்பதற்கு நேரம் இருக்கிறது. பிரேம் கடைக்குப் போக நேரம் இருக்கிறது. என் கல்யாணத்துக்கு மட்டும் தலை தேவைப்படுகிறது. சரி.

சாட்சிக் கையெழுத்துக்கு எங்கள் மேஸ்திரி வருகிறார். உங்களுக்கு இனித் தொல்லை வேண்டாம். இந்தக் கடிதத்துக்குப் பதிலும் வேண்டாம்.

என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு உங்களைப் பிடித்திருந்தது. போட்டோவில் பார்த்தே பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாலு என்று கையெழுத்துப் போட இன்றைக்கு மனம் வரவில்லை.


ஏப்ரல் 20

அன்பு வாலுக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். இது பதில் இல்லை. சும்மா ஒரு கடிதம். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, விசாரித்துப் பார்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. வீட்டுக்காரம்மா ஆள் வைத்துச் சரிபண்ணினார். நன்றி சொன்னேன். ஆனால் இப்போது அறை ரொம்பத்தான் அமைதியாக இருக்கிறது. சொட்டும்போது ஒரு பேச்சுத்துணையாக இருந்திருக்கிறது, தெரியாமல் போய்விட்டது.

காலையில் பார்க்குக்கு நானும் தபால்காரரும் இஸ்திரிக்காரரும் சேர்ந்து போவோம் என்று உனக்கு முன்பு எழுதியிருக்கிறேன். அவர்கள் சகவாசத்தை நான் விட்டுவிட்டேன். அவர்கள் வேகம் எனக்குச் சரிப்படவில்லை. நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் கால் நின்றுவிடும், அவர்கள் பத்தடி முன்னால் போய்த் திரும்பிப் பார்ப்பார்கள். முதலில் காத்திருந்தார்கள். "வாங்க அண்ணே" என்பார் தபால்காரர். வாங்க என்று சொன்னால் போதும், கால் இன்னும் இறுகிப்போகும். அப்புறம் அவர்கள் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள் என்று கேள்வி. மாற்றியது அவர்கள் என்றாலும் விலகியது நான்தான் என்று வைத்துக்கொள்.

சரி, வாயை மூடிக்கொண்டு நடக்கலாம் என்று தனியாக ஒருநாள் பார்த்தேன். நடக்க முடிகிறது. ஆனால் அது நடை இல்லை வாலு, அது வேலை. இப்போது வலது, தூக்கு, வை, இப்போது இடது, தூக்கு, வை என்று உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருக்க வேண்டும். அவன் கத்தும்போது நான் எதுவும் பேச முடியாது. மரத்தைப் பார்க்க முடியாது. எதிரே வருகிறவர் சிரித்தால் திரும்பச் சிரிக்க முடியாது. ஆகவே, நடந்தால் பேச்சில்லை, பேசினால் நடை இல்லை. இரண்டில் ஒன்றை விடு என்றால் உன் மாமன் எதை விடுவான் என்று உனக்குத் தெரியாதா? அதனால்தான் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வேடிக்கை. நேற்று அடுப்பில் பால் வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்த இந்தப் பக்கம் வந்தேன். திரும்பிப் போனால் சமையலறை வாசல். அங்கே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பால் பொங்கியது. வழிந்தது. அடங்கியது. பாத்திரம் கறுத்தது. புகை வந்தது. இரண்டே அடி வைத்தால் அடுப்பு கைக்கு எட்டிவிடும். இவ்வளவு பொறுமையாக, முதலிலிருந்து கடைசி வரை பால் கருகுவதைப் பார்த்த ஆள் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடைசியில் வீட்டுக்காரம்மா ஓடி வந்து அணைத்தார். "என்னங்க பார்த்துட்டே நிக்கறீங்க!" என்று திட்டினார். "பாத்திரத்துக்கு வயசாயிடுச்சுங்க" என்றேன்.

மேஸ்திரி நல்ல மனிதரா? கையெழுத்து நன்றாக இருக்குமா? சாட்சிக் கையெழுத்து நேராக இருக்க வேண்டும். கோணல் மாணலாக இருந்தால் எனக்கு இங்கிருந்தே உறுத்தும்.

இது பதில் இல்லை. அதனால் இதற்குப் பதிலும் தேவையில்லை.

மாமன்


மே 6

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான் பிரிக்கவில்லை. மேசை டிராயரில் போட்டு வைத்திருந்தேன். அவர்தான், "நான் படிக்கலாமா?" என்று கேட்டு, லென்ஸை வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தார். குழாய் இடத்தில் சிரித்தார். பால் இடத்தில் நிறுத்திவிட்டார். மேலே வாசிக்கவில்லை. "உங்க மாமா ஏன் பாலை இறக்கல?" என்றார்.

"அவர் அப்படித்தான், எதையாவது கதை விடுவார்" என்றேன்.

"கதை விடுறவர் பாலை இறக்கிட்டுதானே விடுவார்? இவர் வாசல்ல நின்னிருக்கார். உன்கிட்டயும் வாசல்லதானே நின்னார்?"

உங்கள் பழைய கடிதங்களை எடுத்துத் திரும்பப் படித்தேன். முதலில் படித்தவை வேறு கடிதங்கள் மாதிரி இருந்தன.

மறுநாள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, ஆராய்ச்சிப் பிரிவில் தொப்பி மாட்டிவிடுகிற பெண்ணிடம் பேச வேண்டும் என்றேன். உங்களைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன் என்றாள். சரி, பொதுவாகச் சொல்லுங்கள் என்றேன். சொன்னாள். நமக்கெல்லாம் நடை தானாக நடக்கிறதாம். அதைப் பார்த்துக்கொள்ள மூளையின் உள்ளே வேறு இடம் இருக்கிறதாம். முன்பக்கத்துக்கு அதில் பெரிதாக வேலை இல்லாததால் அது அமைதியாக இருக்குமாம். இந்த வியாதி வந்தவர்களுக்கு அந்த உள்ளிடம் பழையபடி வேலை செய்யாததால், யோசிப்பதற்கும் பேசுவதற்கும் இருக்கிற முன்பக்கம் ஒவ்வொரு அடியையும் கவனித்து எடுத்து வைக்க வேண்டியிருக்கிறதாம். அதனால்தான் அங்கே அவ்வளவு வெளிச்சமாம். அதோடு பேச்சும் சேர்ந்தால் அதனால் சமாளிக்க முடியாமல் கால் நின்றுவிடுமாம்.

எனக்குக் கை நடுக்கம் மட்டும்தான் தெரியும். நடையையும் இது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

கடைசியாக ஒன்று கேட்டேன். "ஒருத்தர் வாசல் வரைக்கும் வந்து, அதுக்கு மேல வராம, பேசாம, தரையையே பார்த்துட்டு நின்னா, அது கோவமா?" அந்தப் பெண், "இல்லைங்க. வாசல், குறுகலான இடம், திரும்புற இடம், அங்கெல்லாம்தான் நிறைய பேருக்குக் கால் ஒட்டிக்கும். அவர் வரத்தான் பார்த்திட்டிருந்திருப்பார்" என்றாள்.

அவர் வரத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை ஏன் மாமா என்னிடம் எழுதவில்லை? எறும்பு என்று எழுதத் தெரிந்ததே, கால் வரவில்லை என்று எழுத முடியவில்லையா? திட்டவில்லை, கேட்கிறேன்.

இவர் தொழில்முறையில் ஒன்று சொல்கிறார். "லிஃப்ட் நடுவுல நின்னா மோட்டார் போச்சுன்னு அர்த்தம் இல்ல. கதவுகிட்ட ஏதோ சமிக்ஞை போய்ச் சேரலன்னு அர்த்தம். உள்ள இருக்கிறவரைக் கையைப் பிடிச்சு மட்டும் இழுக்கக் கூடாது."

மேஸ்திரியிடம் நான் இன்னும் கேட்கவே இல்லை. கோபத்தில் எழுதினேன். அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. வர முடியும் என்றால் இவர் முதல் நாளே அங்கே வந்து உங்களைக் கூட்டி வருவார். முடியாது என்றால் கையெழுத்து முடிந்த கையோடு நாங்கள் அங்கே வருகிறோம். எதுவாக இருந்தாலும் உள்ளதை எழுதுங்கள்.

அன்புடன்,
வாலு


மே 15

அன்பு வாலுக்கு,

எழுத்து எப்படி இருக்கிறது? பெரிதாக இருக்கிறதா? லென்ஸை உள்ளே வை. அட்டையை வைத்துக் காகிதம் பூராவும் கறுப்பு மையில் தடித்தடியாகக் கோடு இழுத்துவிட்டு, கோட்டுக்குக் கோடு இடிக்கிற மாதிரி எழுதுகிறேன். கோடு இருந்தால் கையும் ஒழுங்காக நடக்கிறது. இதை டாக்டர் கண்டுபிடித்தார் என்று சொன்னால் நம்பாதே, நான் கண்டுபிடித்தது. அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார், அது வேறு.

உன் கடிதத்தைப் படித்தேன். மூளைப் படத்தைக் கழற்றிவிடுவேன் என்று நினைத்தாயா? மாட்டேன். அந்த வெளிச்சத்துக்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பெண் அன்றைக்கே என்னிடம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். தெரிந்துதான் பிரேம் போட்டேன். மற்ற கிழவர்கள் ஓசியில் நடக்கிறார்கள். நான் ஒரு அடி எடுத்து வைக்க ஒரு பொருட்காட்சியையே எரிக்கிறேன். அதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. தெருவில் பார்க்கிறவர்களுக்கு நான் நின்றுபோன ஒரு கிழவன். நான் அப்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறேன் என்பதற்கு எனக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தப் படம்தான்.

ஏன் எழுதவில்லை என்று கேட்டாய். கால் வரவில்லை என்று எழுதினால் அது நான் எழுதின மாதிரியே இருக்காது. வேறு யாரோ எழுதின மாதிரி இருக்கும். நீ படிக்கும்போது என் குரல் கேட்க வேண்டாமா? போனில்தான் கேட்பதில்லை.

உள்ளதை எழுதச் சொன்னாய். ஒன்று எழுதுகிறேன், ஒன்றுதான். அன்றைக்கு உன் டாக்ஸி தெருமுனை திரும்பியது. திரும்பிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கால் வந்துவிட்டது. எங்கே போயிருந்ததோ, வந்துவிட்டது. படி இறங்கினேன். கேட் வரைக்கும் போனேன். கையை ஆட்டினேன். விமானம் இறக்குகிற மாதிரியேதான் ஆட்டினேன். தெருவில் யாரும் இல்லை. எதிர்வீட்டு நாய் மட்டும், தன்னைக் கூப்பிடுகிறேனோ என்று எழுந்து வந்தது. அப்புறம் அதையும் ஏமாற்ற மனமில்லாமல் ஒரு பிஸ்கட் கொடுத்தேன்.

ஜூனில் அந்தத் தொப்பி விஷயம், அது இருபதாம் தேதிக்கு மேலேதான். முன்பே தெரியும்.

வருகிறேன். கையெழுத்தை நான்தான் போடுவேன். மேஸ்திரி வேண்டுமானால் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

மாப்பிள்ளை முதல் நாள் வரட்டும். வரும்போது வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருள் பெரிதாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளச் சொல். பதிவு அலுவலகத்து வாசலில் தொடங்கி, பதிவு பண்ணுகிற அம்மாவோ ஐயாவோ உட்கார்ந்திருக்கிற மேசை வரைக்கும், குறுக்குக் குறுக்காக ஒட்ட வேண்டும். இடைவெளி என் ஒரு எட்டு. அளவு வந்தபின் காட்டுகிறேன். நூல் பிடித்து ஒட்டச் சொல். கோணலாக இருந்தால் அதன்மேல் கால் வைக்க மாட்டேன், அது வியாதி இல்லை, தொழில் கௌரவம். அலுவலகத்தில் என்ன ஏது என்று கேட்டால், பெண்ணின் மாமாவுக்கு இல்லாத இடத்திலும் கோடு போட்டுத்தான் பழக்கம் என்று சொல்லிவிடலாம். ஒட்டவிட மாட்டேன் என்றால் மாப்பிள்ளை தன் காலை என் காலுக்கு முன்னால் குறுக்கே வைக்கட்டும், அதைத் தாண்டுவேன். மாமனார் இடத்தில் இருக்கிறவன் மாப்பிள்ளையைத் தாண்டலாமா என்று யாராவது கேட்டால் பிறகு பார்த்துக்கொள்வோம்.

என்னை இழுக்க வேண்டாம், அவருக்கே தெரிந்திருக்கிறது, கெட்டிக்காரர். எதிரே நின்று "வாங்க மாமா, வாங்க" என்று நீயும் கூப்பிடாதே. பக்கத்தில் நில். பேசாதே. உனக்கு அது கஷ்டம்தான், வளர்த்தது நான்.

இப்போது அறையில் பேசாமல் நடக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் தரையில் வெள்ளை இழுத்துவிட்டேன். வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "இங்க யாருங்க ரோட்டைக் கடக்கப் போறாங்க?" என்றார். ஆள் இல்லாத வீட்டில் பேசாமல் இருப்பது சுலபம் என்று நினைக்காதே. ஆள் இல்லாதபோதுதான் நான் அதிகமாகப் பேசுகிறேன். உன் அம்மாவிடம் பேசுவேன், குழாயிடம் பேசியிருக்கிறேன், உன்னிடம் நிறையப் பேசுகிறேன். அதையெல்லாம் நிறுத்தி வைத்துவிட்டு நடக்கிறேன். கட்டிலிலிருந்து ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்ததும் சேர்த்து வைத்து ஒரேயடியாகப் பேசிவிடுவேன்.

அன்றைக்கு உன்னைப் பார்த்ததும் எனக்குச் சொல்ல ஆயிரம் இருக்கும். புதுப்புடவையில் நீ எப்படி இருக்கிறாய் என்று சொல்ல வேண்டியிருக்கும். உன் அம்மா சாயல் என்று சொல்ல வேண்டியிருக்கும். மாப்பிள்ளை காதைப் பற்றி ஒரு நகைச்சுவை வேறு வைத்திருக்கிறேன், போட்டோ பார்த்த அன்றைக்கே தோன்றியது. ஒன்றையும் சொல்ல மாட்டேன். சிரிக்கக்கூட மாட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டுதான் வருவேன். நடுவில் நின்றாலும் நின்றுவிடுவேன். அப்போது நீ என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் இரு. அங்கே இருக்கிறவர்கள் யாராவது, பெண்ணுடைய மாமாவுக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லையோ என்று உன் காதில் கேட்டால், சொல்லு:

கோபம் இல்லை. வந்துகொண்டிருக்கிறார்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு நான் பேசிக்கொள்கிறேன்.

மாமன்